சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்

கொடைக்கானல் மலையில் என் லாரிப் பெட்டிக்கு ஒரு பேர் உண்டு. லாரி அடிக்கடி படுத்துக்கொள்ளும், அது வேறு விசயம். ஆனால் நின்ற இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை. என் சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியில் இல்லாத சாமானே கிடையாது என்று பூம்பாறை ரோட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் சொல்வார்கள். பெல்ட் அறுந்தவன், பியூஸ் போனவன், வைப்பர் நின்றவன் எல்லோரும் என் வண்டியைக் கண்டால் கையைக் காட்டுவார்கள். நானும் எரிந்து விழுந்துகொண்டே எடுத்துக் கொடுப்பேன். "இந்த ஆளுக்கு வாய்தான் மோசம், மனசு தங்கம்" என்று ஒருத்தன் என் காதுபடவே சொன்னான். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன்.

அதனால், எண்பதுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக லாரி ஓட்டப் போகிறவன் ஒருத்தன் பச்சை பெயின்ட் அடித்த ட்ரங்குப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றதில் ஆச்சரியம் இல்லை. "அண்ணே, உங்க பெட்டி மாதிரியே எனக்கும் ஒண்ணு சேத்துக் குடுங்க" என்றான். முப்பது வயதுக்காரன். பணிவாகத்தான் கேட்டான். அவன் யார் என்பதில்தான் எனக்கு வினை. எட்டு வருசத்துக்கு முன்னால் நான் ரோட்டில் விட்டுவிட்டுப் போன கல்லில் சைக்கிளை ஏற்றி விழுந்து செத்துப்போன மனிதரின் தம்பி அவன். அந்தக் கல் என்னுடையது என்று அவனுக்குத் தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது. அவர்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, அடிபட்டுக் கிடந்தவரை அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன புண்ணியவான் நான்.

கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து லாரிகளில் ஹேண்ட் பிரேக் என்பது பேருக்குத்தான். மேட்டில் வண்டி நின்றால், பின்னால் உருளாமல் இருக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும். கிளீனர் குதித்து ஓடிப் பெரிய கல்லாகப் பார்த்து அண்டக் கொடுப்பார். திரும்பக் கிளம்பும்போது, வண்டி முன்னால் நகர்ந்ததும் அந்தக் கல்லை ஓரமாகப் புரட்டி விட்டுவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்வார். கிளீனர் இல்லாவிட்டால் கல் நடுரோட்டிலேயே கிடக்கும். டிரைவர் இறங்கி எடுக்கலாமே என்று சமவெளியில் ஓட்டுகிறவர்கள் கேட்பார்கள். மேட்டில் கிளப்பிய வண்டியை மறுபடி நிறுத்தினால் அதற்கு மறுபடி ஒரு கல் வேண்டும். அதனால் எல்லோருமே விட்டுவிட்டுப் போவோம். அடுத்து வருகிறவன் ஒதுக்கிக்கொள்வான் என்று ஒரு எண்ணம். நானும் எத்தனையோ பேர் விட்டுப்போன கல்லை ஒதுக்கியிருக்கிறேன், விட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே.

அது எழுபதுகளின் கடைசி, தை மாதம். என் கிளீனர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். "நான் வரேனுங்க தம்பி" என்றுதான் அவர் சொன்னார். நான்தான் போர்வையைப் போர்த்திப் படுக்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். உர மூட்டை ஏற்றிக்கொண்டு பூம்பாறைக்குப் போகும் வழியில், ஒரு நீண்ட மேட்டில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். மஞ்சு, எங்கள் மலைப் பனிமூட்டம், இறங்கத் தொடங்கியிருந்தது. பிரேக்கை மிதித்தபடி வண்டியைக் கியரில் போட்டு அணைத்துவிட்டு, குதித்து ஓடி ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தேன். பூசணிக்காய் அளவு இருக்கும். ஊற்றில் தண்ணீர் பிடித்து ஊற்றி, சூடு தணியக் காத்திருந்து, கிளப்பிப் போய்விட்டேன்.

மறந்து போனேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். மறக்கவில்லை. இரண்டாவது வளைவில் நினைவு வந்தது. கல் நடுவில் கிடக்கிறதே என்று தோன்றியது. வண்டி அப்போதுதான் நன்றாக இழுத்துக்கொண்டிருந்தது, எனக்கும் பசி. எவனாவது ஒதுக்குவான் என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் கேரட் மூட்டையோடு அதே வழியில் இறங்கி வந்தேன். பத்தடி தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மஞ்சு. ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்து வந்தவன், ரோட்டில் வெள்ளையாக எதுவோ ஓடுவதைப் பார்த்து பிரேக்கை மிதித்தேன். பால். இரண்டு கேன்களும் உருண்டு கிடந்தன. சைக்கிள் ஒரு பக்கம், பால்காரர் ஒரு பக்கம். நடுவில், நான் வைத்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, என் கல்.

எனக்கு அவரைத் தெரியும். பூம்பாறையிலிருந்து வெள்ளனே கிளம்பி, ஏற்றத்தில் தள்ளியும் இறக்கத்தில் உட்கார்ந்தும் கொடைக்கானல் ஓட்டல்களுக்குப் பால் கொண்டுபோகிறவர். கழுத்தில் மாலை கிடந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போக மாலை போட்டு விரதம் இருந்தார். அதற்கு முன்னால் குடிகாரர் என்று பேர் வாங்கியவர். மதுவிலக்குக் காலம்தான், ஆனாலும் காட்டுக்குள் காய்ச்சுகிற இடம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்த வருசம்தான் குடியை விட்டு முதல் மாலை போட்டிருந்தார்.

உயிர் இருந்தது. முனகிக்கொண்டிருந்தார். நான் முதலில் அவரிடம் போகவில்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. முதலில் கல்லிடம்தான் போனேன். அதைத் தூக்கிக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் போட்டேன். அது மஞ்சுக்குள் உருண்டு, மரத்தில் மோதி, மறுபடி உருண்டது. அந்தச் சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் அவரைத் தூக்கப் போனேன்.

கேபினில் என் பக்கத்தில் படுக்க வைத்தேன். தலை என் தொடைமேல் இருந்தது. விபூதி வாசமும் பால் வாசமும் வந்தன. வழியில் ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அண்ணே, ரோட்டுல கல்லு கெடந்துச்சுண்ணே" என்றார். நான் சொன்னேன்: "கல்லெல்லாம் ஒண்ணும் கெடக்கலைப்பா. நான் பாத்தேனே."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அப்பிடியா?" என்றார். என்னை நம்பினார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் இறந்துபோனார்.

போலீஸ் ஏட்டு என்னைக் கூப்பிட்டு, ரோட்டில் ஏதாவது கிடந்ததா என்று கேட்டார். இல்லைங்க என்றேன். அவ்வளவுதான், எழுதி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு டீக்கடைகளில் பேச்சு ஆரம்பித்தது. ஒன்றுமே இல்லாத ரோட்டில் சைக்கிள் எப்படிக் கவிழும்? பழைய பழக்கம் விடுமா? மாலையைப் போட்டுக்கொண்டு சாராயம் குடித்தால் முருகன் சும்மா விடுவானா? ரோட்டில் ஒன்றும் இல்லை என்று லாரிக்காரரே சொல்கிறாரே என்று என்னையே சாட்சிக்கு இழுத்தார்கள். நான் அந்த டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தேன். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நான் கிறிஸ்தவன். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, முதலில் அந்தக் குடும்பத்திடம் போய்ச் சொல், பிறகு இங்கே வா என்றார். அடுத்த மாதத்திலிருந்து நான் வேறு கோயிலுக்குப் போனேன்.

அந்தப் பெட்டி அப்போது சேர ஆரம்பித்ததுதான். மனசாட்சி என்று பெரிய வார்த்தை போட வேண்டாம், பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இனி எந்த மேட்டிலும் எதற்கும் நிற்கக் கூடாது, நின்றாலும் கல்லைத் தொடக் கூடாது. அதற்கு என்னென்ன வேண்டுமோ ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இரண்டு சைஸ் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், கட்டுக்கம்பி, சைக்கிள் ட்யூபை வெட்டிய ரப்பர். ரேடியேட்டர் ஒழுகினால் போட மஞ்சள் தூள், டீசல் டாங்க் ஒழுகினால் ஓட்டையில் அப்பி அடைக்க ஒரு பார் சோப்பு. வைப்பர் நின்றால் கண்ணாடியில் தேய்க்கப் புகையிலை. நான் புகையிலை போடுவதில்லை, ஆனால் என் பெட்டியில் எப்போதும் இருக்கும். இரண்டு டின் தண்ணீர் தனியாக. அடிபட்டவரைப் போர்த்த ஒரு கம்பளி. அதை எட்டு வருசத்தில் ஒரு தடவைகூட விரித்ததில்லை, வருசத்துக்கு ஒரு முறை துவைத்து மட்டும் வைப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே கட்டை. சவுக்கு மரத்தில் ஆப்பு மாதிரி செதுக்கிய இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டுக் கயிற்றைக் கோத்து, மறுமுனையை வண்டியின் அடியில் கொக்கியில் மாட்டிவிடுவேன். சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தால் நிற்கும். வண்டி கிளம்பினால் கட்டையும் கூடவே இழுபட்டுக்கொண்டு வரும். ரோட்டில் எதுவும் மிஞ்சாது. மேடு முடிந்ததும் நிறுத்தி எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளலாம். "என்னங்க, லாரிக்கு வால் மொளைச்சிருக்கு" என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களே பிறகு என்னிடம் வந்து அளவு கேட்டுப் போனார்கள்.

இவ்வளவு செய்தும் அந்த மேடு என்னை விடவில்லை. வாரத்துக்கு நாலு தடவை அதில் ஏறி இறங்க வேண்டும். மஞ்சு இருந்தால் பால் ஓடுவது தெரியும். ஹெட்லைட் வெளிச்சம்தான் என்று எனக்கே தெரியும், இருந்தாலும் கால் பிரேக்குக்குப் போய்விடும். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது அந்தக் குரல் கேட்கும். கல்லு கெடந்துச்சுண்ணே, கல்லு கெடந்துச்சுண்ணே என்று இன்ஜின் சொல்லிக்கொண்டே இருக்கும். ரேஸ் கொடுத்தால் அடங்கும். எங்கே நடந்து போனாலும் ரோட்டில் கிடக்கிற கல்லைக் காலால் தள்ளாமல் என்னால் போக முடியாது. மச்சினன் கல்யாண ஊர்வலத்தில் பட்டு வேட்டியோடு குனிந்து கல் பொறுக்கியதற்கு என் மனைவி இரண்டு நாள் பேசவில்லை. அவளிடமும் நான் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன், தம்பிக்காரன் ட்ரங்குப் பெட்டியோடு வந்து உட்கார்ந்திருந்தான். ஷெட்டுக்குக் கூட்டிப்போய் என் பெட்டியைத் திறந்து வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன், அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். என்னிடம் இரண்டாக இருந்ததில் ஒன்றை அவன் பெட்டியில் போட்டேன். ஜாக்கியைத் துடைத்துக் கொடுத்தேன். ஜாக்கிக்கு அடியில் பலகை வை, மலை மண்ணில் புதைந்துவிடும் என்றேன். சோப்பை எதற்கு என்று கேட்டுச் சிரித்தான். அண்ணனுக்கு இருந்த அதே சிரிப்பு. அண்ணன் சிரித்து நான் பார்த்ததே இரண்டு மூன்று தடவைதான், எப்படி நினைவிருந்தது என்று தெரியவில்லை.

"எங்க வீட்டுல உங்க பேரைச் சொல்லாம விளக்கு ஏத்த மாட்டோம்ண்ணே" என்றான் நடுவில்.

"ஸ்பேனரைப் பிடி" என்றேன்.

கடைசியில் கட்டைகள் மட்டும் பாக்கி. யாராவது கேட்டால் கொடுக்கச் செதுக்கி வைத்திருந்த புது ஜோடியை எடுத்துப் போட்டேன். அவன் கயிற்றைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குண்ணே? எடத்தை அடைக்குது. ரோட்டோரம் எம்புட்டு கல்லு கெடக்கு, ஒண்ணைத் தூக்கி வச்சாப் போச்சு" என்றான்.

"கல்லைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!" என்று கத்தினேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவன் பயந்து எழுந்துவிட்டான். நான் கோபக்காரன் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் இது அந்தக் கோபம் இல்லை என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். "என்னண்ணே ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டான்.

இன்னொரு பொய் சொல்ல நேரம் இருந்தது. பொய்யும் தயாராகத்தான் இருந்தது. கட்டை தொலைந்து போகாமல் இருக்கத்தான் கயிறு என்று எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். ஆனால் இவன் நாளைக்கு முதல் லோடு ஏற்றப் போகிறான். அதே மேட்டில் நிற்பான், கல் வைப்பான், விட்டுவிட்டுப் போவான். அதை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். கல் வைத்ததை, இரண்டாவது வளைவில் நினைவு வந்ததை, பள்ளத்தில் தூக்கிப் போட்டதை, கேபினில் அவர் கேட்டதை, நான் சொன்ன பதிலை. எதையும் குறைக்கவில்லை.

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, கையிலிருந்த நோட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

"ஆஸ்பத்திரியில வச்சே அவரைத் திட்டினேன்ண்ணே" என்றான். "கழுத்துல மாலையோட இப்பிடிப் பண்ணிட்டியேன்னு. கையெடுத்துக் கும்பிட்டாரு. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்."

அவன் நோட்டை விரித்து மறுபடி சுருட்டினான்.

"பூசத்துக்கு நடந்து போறவங்க எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் நின்னு தண்ணி வாங்கிக் குடிப்பாங்க. அதுக்கப்புறம் எங்க வீட்டு வாசல்ல ஒருத்தரும் நிக்கலை. மதினி வருசா வருசம் கொடத்தை நெறைச்சு வச்சுக்கிட்டு நிக்கும். அப்பிடியே உள்ள தூக்கிட்டுப் போயிரும்."

பிறகு எழுந்தான். ட்ரங்குப் பெட்டியை மூடித் தூக்கினான், கட்டைகளையும்தான். "ஏறுங்க. மதினிகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

அவன் ஓட்டப்போகிற லாரியை வாசலுக்கே கொண்டுவந்திருந்தான், அதில்தான் போனோம். நல்ல வெயில், மஞ்சே இல்லை. அந்த மேடு வந்ததும், "எங்கண்ணே?" என்று கேட்டான். கையைக் காட்டினேன். அவன் பார்த்தான், கியரை மாற்றினான், நிறுத்தவில்லை. அவன் நன்றாக ஓட்டுகிறான் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அப்படி நினைத்ததற்கு என்மேல் எனக்கே எரிச்சலாக வந்தது.

அவன் மதினி, பால்காரரின் மனைவி, வீட்டு முன்னால் சாக்கை விரித்துப் பூண்டுக்கு வேர் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கண்ணே, வாங்க" என்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போகத் திரும்பினார். "வேணாம்மா, உக்காருங்க" என்றேன். கொழுந்தன் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டாம் முறை சொல்வது லேசாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அப்படி இல்லை. நின்றுகொண்டே சொன்னேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பூண்டு இருந்தது. அதை நறுக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

நான் முடித்ததும் கேட்டார். "அப்ப அவர் குடிச்சிருக்கலை?"

"இல்லம்மா. வாடையே இல்லை. விபூதி வாசந்தான் வந்துச்சு. என் மடியிலதானே படுத்திருந்தாரு."

அந்த அம்மா தலையை ஆட்டினார். கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே பேசினார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"மூணு நாளும் அதையேதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தாருண்ணே. கல்லு கெடந்த மாதிரி இருந்துச்சே, இல்லைன்னு அந்த அண்ணன் சொல்றாரே, அப்ப எனக்கு என்னதான் ஆச்சுன்னு. எனக்கே தெரியாம குடிச்சிருப்பேனான்னு என்கிட்டக் கேட்டாரு. எனக்கு என்ன தெரியும், நான் பேசாம இருந்துட்டேன்."

பூண்டைச் சாக்கில் போட்டார்.

"எங்களுக்குச் சொல்லாட்டியும் போகுதுண்ணே. அவருக்காச்சும் சொல்லியிருக்கலாம்ல."